கறுப்பி ஆயில் சொட்டிய பங்குனி

பங்குனிக் காற்று கிளம்பிவிட்டால் எங்கள் ஊரில் சோற்றை நிம்மதியாக மெல்ல முடியாது; பல்லுக்கிடையில் நறநறவென்று மணல் கடிபடும், நாக்கில் ஒரு கரிப்பு நின்றுவிடும், எத்தனை சொம்பு தண்ணீர் குடித்தாலும் போகாது. எங்கள் கோலார் தங்கவயலில் பாறையை அரைத்து, சயனைடு கலந்து தங்கத்தை எடுத்தபிறகு மிஞ்சிய சக்கையைத் தலைமுறை தலைமுறையாகக் கொட்டி ஊருக்கு நடுவே மலைமலையாகக் குவித்து வைத்திருந்தார்கள். "சயனைடு மேடு" என்போம். மாவைவிட மெலிசான அந்த மணல் காற்றடித்தால் எழுந்து வந்து, ஊரிகம் முதல் மாரிகுப்பம் வரைக்கும் ஒரு வீடு விடாமல் நுழைந்து பார்த்துவிட்டுத்தான் அடங்கும்.

ஆகவே மாசிக் கடைசியில் சுரங்கத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லைன் வீடுகளில் ஒரு பெரிய வேலை நடக்கும். அதற்குத் "துணி அடைக்கிறது" என்று பெயர். கிழிந்த புடவை, நைந்த பாவாடை, பொத்தான் போன சட்டை எல்லாவற்றையும் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, ஜன்னல் இடுக்கு, கதவுக்கு அடியில், தகரக் கூரையும் சுவரும் சேருகிற இடம், சாவித் துவாரம், ரேடியோவின் முதுகு என்று கண்ணில் படுகிற ஓட்டையிலெல்லாம் திணித்துவிட வேண்டும். விரல் மெலிசாக இருப்பதால் இது பிள்ளைகளின் வேலை. எனக்கு அப்போது ஒன்பது வயது, ஒரே பெண், ஆகவே முழுப் பொறுப்பும் என் தலையில். "ஒரு ஓட்ட வுடாத பாப்பா, சாயந்திரம் நான் வந்து கைய வெச்சுப் பாப்பேன்" என்று அம்மா மிரட்டிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போவாள். அம்மா சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை நான். அந்த நல்ல குணம்தான் அந்த வருடம் எங்கள் குடும்பத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

அந்த வருடம் என்றால், சுரங்கத்தை இழுத்து மூடியதற்கு அடுத்த வருடம். அப்பா சுரங்கத்துக்குள்ளே பம்ப் ஃபிட்டர். காலையில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கினால் பூமிக்கடியில் ஊறுகிற தண்ணீரை மேலே தள்ளுகிற பம்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு, நனைந்த கோழி மாதிரி சாயந்திரம் வீட்டுக்கு வருவார். வந்ததும் வாசலில் நின்றே ஏதாவது கதை சொல்லிச் சிரிப்பார். அடுத்த லைனுக்குக் கேட்கிற சிரிப்பு அது. சுரங்கம் மூடியதும் அந்தச் சிரிப்பும் நின்றது. கோபப்பட மாட்டார், குடிக்க மாட்டார், சிரிக்கவும் மாட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு போகிற இடம் தெரியாமல் வாசல்வரை போய்த் திரும்பி வருவார்.

அந்தச் சமயத்தில்தான் கறுப்பி வந்தாள். ஊரை விட்டுப் போன ஒரு சுரங்க அதிகாரி, தன் பங்களாவில் பல வருடமாகக் கிளம்பாமல் கிடந்த பழைய இங்கிலீஷ் காரை, "எடுத்துக்கினு போப்பா, உன் கையிலயாவது ஓடட்டும்" என்று அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்ல மாட்டேன். பேரைச் சொன்னால் இன்றைக்கும் அதற்காகச் சண்டைக்கு வர எங்கள் ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். கறுப்பு நிறம், குண்டு முகம், உருண்டை விளக்குகள், முன்பக்கம் மூன்று பேர் உட்காரும் ஒரே நீள ஸீட், ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர். ஆறு பேர் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு ஓரத்தில் நிறுத்தினார்கள். அம்மா ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்துவிட்டு, "நமக்கே நிக்க எடமில்ல, இது வேறயா?" என்றாள். மறுநாள் காலையில் பார்த்தால் அதற்குப் பொட்டு வைத்திருந்தாள்.

தை முழுக்க அப்பா அதைப் பிரித்தார், மாசியில் பூட்டினார். மாசிக் கடைசியில் ஒரு நாள் கறுப்பி இருமி, குலுங்கி, புகை கக்கி, பிறகு சீராகப் பாடத் தொடங்கினாள். லைன் முழுக்கக் கூடிவிட்டது. அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் பக்கத்துக் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸிலிருந்து வந்து வண்டியைத் தடவிப் பார்த்து, "எம்பொண்ணு விமலா கல்யாணத்துக்கு இதுதாண்டா பொண்ணழைப்பு வண்டி" என்று அங்கேயே சொல்லிவிட்டார். கல்யாணம் பங்குனிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, முதல் நாள் சாயந்திரம் பெண்ணழைப்பு. அப்பாவின் முகத்தில் ஒரு யோசனை வந்து உட்கார்ந்தது. ஒரு கல்யாணம் நன்றாக நடந்தால் ஊரே பார்க்கும், அடுத்தடுத்துக் கூப்பிடுவார்கள், கல்யாண வண்டி ஓட்டியே பிழைத்துக்கொள்ளலாம், ஊரை விட்டுப் போக வேண்டாம்.

ஏனென்றால் போவதற்கு ஏற்பாடு ஆகியிருந்தது. அம்மாவின் அண்ணன், எங்கள் ஆறுமுகம் மாமா, ஊரின் பெரிய இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். தங்கமான மனுஷன், ஆனால் வாயைத் திறந்தால் "எங்க ஃபேக்டரியில இப்படிக் கெடையாது" என்றுதான் ஆரம்பிப்பார். அவர்தான் பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் அப்பாவுக்கு வாட்ச்மேன் வேலை சொல்லி வைத்திருந்தார். கேட் பக்கத்திலேயே ஒரு அறை, அங்கேயே தங்க வேண்டும், மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வரலாம். கல்யாணத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை, போய்ச் சேர வேண்டும். "வண்டி ஓடிச்சுன்னா இருக்கேன் மச்சான், ஓடலன்னா திங்கக்கெழம போறேன்" என்று அப்பா சொல்லிவிட்டார். நான் உள்ளே படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். மாதத்துக்கு ஒரு தடவை என்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு தடவை. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையணையை நனைத்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

இப்படி இருக்கும்போது, பங்குனி பிறந்த முதல் வாரத்தில் கறுப்பி ஆயில் சொட்ட ஆரம்பித்தாள்.

முதலில் ஒரு சொட்டு. பழைய வண்டி, பரவாயில்லை என்றார் அப்பா. அடுத்த நாள் ஒரு தட்டளவு. அதற்கடுத்த நாள், எஞ்சினிலிருந்து வழிந்த ஆயில் சூடான புகைக்குழாயில் பட்டு, வண்டிக்கு அடியிலிருந்து நீலமாகப் புகை கிளம்பிவிட்டது. சாதாரணமாக ஓட்டினால்கூடச் சமாளிக்கலாம். பெண்ணழைப்பு அப்படியல்ல. பேண்டு வாத்தியக்காரர்கள் முன்னால் நின்று நிதானமாக வாசித்துக்கொண்டு போக, வண்டி அவர்களுக்குப் பின்னால் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் நடையிலும் மெதுவாக நகர வேண்டும். எஞ்சின் கொதிக்கிற கொதியில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருக்கிற கல்யாணப் பெண்ணைக் கருவாடு போட்டுவிடும்.

அப்பாவும் மாமாவும் ஓட்டையைத் தேடப் புறப்பட்டார்கள். தினமும் எஞ்சினை அரைமணி நேரம் ஓடவிட்டு, அடியில் பழைய நியூஸ் பேப்பரை விரித்து, எந்த இடத்தில் சொட்டு விழுகிறது என்று பார்ப்பார்கள். பேப்பர் விரிப்பது என் வேலை. மேல் மூடியின் ஓரத்தில் கசிகிறது என்று அப்பா கண்டுபிடித்து, கார்க் தகடு வாங்கிவந்து, கத்தரித்து, ஓட்டை போட்டுப் புது "பேக்கிங்" வைத்தார். மேலே நின்றது. சந்தோஷமாக அம்மா டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் பக்கவாட்டுத் தகட்டில் கசிய ஆரம்பித்தது. அதை அடைத்தார்கள், முன்பக்கம் பெல்ட் ஓடுகிற இடத்தில் வந்தது. அங்கே அடைத்தால் பின்பக்கம். ஒரு வாரத்தில் எஞ்சினின் நாலு பக்கமும் சுற்றிவந்துவிட்டார்கள்.

"சொட்டு விழற எடத்தப் பாக்காத மாப்ள, அது பொறப்படற எடத்தப் பாரு. எங்க ஃபேக்டரியில இன்னா பண்ணுவோம் தெரியுமா?" என்று மாமா ஒரு வித்தை சொன்னார். எஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, துடைத்து, காயவிட்டு, முகத்துக்குப் போடுகிற பவுடரை அதன்மேல் தூவ வேண்டும். ஓடவிட்டால் பவுடர் எங்கே முதலில் கறுக்கிறதோ அங்கேதான் ஓட்டை. அம்மாவின் பவுடர் டப்பாவை எடுத்தேன். "எம்மூஞ்சிக்கே மாசத்துக்கு ஒரு டப்பாதான், இந்தக் கறுப்பி மூஞ்சிக்குக் கேக்குதா?" என்று கத்திக்கொண்டே அம்மாவே வந்து தூவிக் கொடுத்தாள். எஞ்சின் வெள்ளையாக, கல்யாணப் பெண் மாதிரி நின்றது. ஓடவிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் ஒரே நேரத்தில் நான்கு இடத்தில் கறுத்தது. மாமா தலையைச் சொறிந்தார். எந்த இடத்தை முதலிடம் என்று சொல்வது?

அடுத்ததாக அப்பா தன் வித்தையைக் காட்டினார். அடியில் போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்று, சுரங்கத்து ஆள் என்ன செய்வாரோ அதைச் செய்தார்: பள்ளம் தோண்டினார். இரண்டே நாளில், வீட்டு ஓரத்தில், ஆள் நின்று நிமிர்ந்து வேலை செய்கிற ஆழத்துக்கு. சும்மா தோண்டவில்லை, இரண்டு பக்கமும் மண் சரியாமல் பலகை கொடுத்து, குறுக்கே கட்டை அடித்து, இறங்கப் படி வெட்டி. லைனில் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்து, "எத்தினாவது லெவலுப்பா? ரீஃப் கெடைச்சுதா?" என்று, தங்கம் ஓடுகிற பாறைக்குச் சுரங்கத்தில் வைத்த பேரைச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார்கள். மாமா தன் பங்குக்கு, "அம்பது அடி போனா தங்கம் வரும் மாப்ள, வண்டிய வித்துரலாம்" என்றார். அப்பா சிரிக்கவில்லை. பள்ளத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது, துடைத்துக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முந்தைய வியாழக்கிழமை மாமா பள்ளத்திலிருந்து ஏறிவந்து தீர்ப்புச் சொன்னார். எஞ்சினும் கியர்பெட்டியும் சேருகிற இடத்தில், உள்ளே, ஆயிலைத் தடுத்து நிறுத்துகிற பாகம் போய்விட்டது. எஞ்சினைக் கீழே இறக்காமல் ஒன்றும் செய்ய முடியாது. இறக்கினால் ஒரு மாதம். சொல்லும்போது அவர் குரல் ஃபேக்டரிக் குரலாக இல்லை. "சரி மச்சான்" என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள். மத்தியானம் நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். சாம்பியன் ரீப்ஸுக்குப் போய், வேறு வண்டி பார்த்துக்கொள்ளுங்கள் என்று கல்யாண வீட்டில் சொல்ல வேண்டும். வருகிற வழியில் ஆண்டர்சன்பேட்டை பழைய இரும்புக் கடைக்காரரிடம் ஞாயிற்றுக்கிழமை வந்து கறுப்பியை எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். மாமாவுக்கு அன்று இரண்டாவது ஷிஃப்ட். வேலைக்குப் போகிற வழியில் வந்து, வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அம்மாவுக்குத்தான் ஆத்திரம். யார்மேல் என்று அவளுக்கே தெரியாது. "பழைய இரும்புக்குப் போடறதுனாலும் என் வூட்லர்ந்து அழுக்கா ஒண்ணும் போவக்கூடாது. கழுவித்தான் அனுப்புவேன்" என்று வாளியும் மண்ணெண்ணெயும் தேங்காய் நாருமாக வந்து, எஞ்சின் மூடியைத் தூக்கி நிறுத்தினாள். எஞ்சினின் தலையில், ஆயில் ஊற்றுகிற வாய்க்கு ஒரு வட்ட மூடி இருக்கும். பிசுக்குப் பிடித்துக் கறுப்பாக இருந்த அதைத்தான் முதலில் திருகி எடுத்து வாளிக்குள் போட்டு ஊறவைத்தாள். "சூடானா அழுக்கு இளகும், கொஞ்சம் ஓட வுடுங்க" என்று அப்பாவுக்கு உத்தரவு. கடைசித் தடவை என்று நினைத்தாரோ என்னவோ, சட்டை அழுக்காகுமே என்றுகூடப் பார்க்காமல் அப்பா ஏறி உட்கார்ந்து கறுப்பியைக் கிளப்பினார்.

நான் பழக்கதோஷத்தில் அடியில், பள்ளத்தின் தரையில், பேப்பரை விரித்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து பார்த்தேன். பேப்பர் சுத்தமாக இருந்தது. தப்பான இடத்தில் விரித்துவிட்டேனோ என்று படியில் இறங்கி இன்னும் கிட்டே போய்ப் பார்த்தேன். கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு சொட்டு இல்லை.

"அப்பா! சொட்டல!"

யாரும் நம்பவில்லை. மாமா பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கிப் பார்த்து, "காஞ்சு கீது மாப்ள" என்றார். அதற்குள் அம்மா மூடியைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, பெருமையாகக் கொண்டுவந்து திருகி மூடினாள். ஐந்து நிமிடம் போயிருக்காது, "ஐயோ, வருது!" என்று பள்ளத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது.

அப்பா வண்டியிலிருந்து இறங்கினார். மூடியைத் திருகி எடுத்தார். "புஸ்" என்று ஒரு காற்று, ஆயில் வாசனையோடு அவர் முகத்தில் அடித்தது. சொட்டு நின்றது. மூடினார், சொட்டியது. எடுத்தார், நின்றது. மூன்று தடவை அப்படிச் செய்துவிட்டு எஞ்சினை அணைத்தார். அவர் முகம் மாறியிருந்தது. சுரங்கத்துக்குள் ஏதாவது ஒரு லெவலில் காற்று ஓட்டம் நின்றுவிட்டால் ஆட்கள் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு நிமிர்ந்து நிற்பார்களாம். அந்த மாதிரி நின்றார்.

"மச்சான், இதுல ஓட்டையே இல்ல. இதுக்கு மூச்சு முட்டுது. உள்ள அடைச்சிகினு நிக்கிற காத்து வெளிய போவ வழியில்லாம, எங்கெங்க சந்து கீதோ அங்கெல்லாம் ஆயில நெட்டித் தள்ளுது. நாம ஒரு பக்கம் அடைச்சா அது மறுபக்கம் வருது. இதுக்குன்னு காத்துப் போற வழி ஒண்ணு வெச்சிருப்பானே வெள்ளக்காரன். அது எங்க?"

காற்றுப் போகிற வழி. எனக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. எஞ்சினின் பக்கவாட்டிலிருந்து கிளம்பி, வளைந்து, கீழ்நோக்கிப் போகிற ஒரு குழாய். அதன் அடிவாய் சும்மா திறந்து கிடக்கும். மாசிக் கடைசியில் வீட்டு ஓட்டைகளையெல்லாம் அடைத்து முடித்தபிறகு, கறுப்பிக்குள் தூசி போய்விடுமே, அப்பா இவ்வளவு பாடுபட்டுச் செய்த வண்டி கெட்டுப்போகுமே என்று, என் பழைய பச்சைப் பாவாடைக் கீற்று ஒன்றைச் சுருட்டி, விரலால் குத்திக் குத்தி அந்தக் குழாய்க்குள் ஏற்றியிருந்தேன். வெளியே நுனிகூடத் தெரியாது. அவ்வளவு ஒழுங்கான வேலை.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். மூன்று வாரம் இரண்டு பேரும் உயிரை விட்டிருக்கிறார்கள், பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், அம்மா பவுடர் கொடுத்திருக்கிறாள், எல்லாம் என்னால். அப்புறம் அப்பா பெங்களூர் போகிற திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. "நான்தாம்ப்பா அடைச்சேன்" என்று சொல்லிவிட்டு, குழாய் இருக்கிற பக்கம் கையைக் காட்டி, ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

அப்பா ஒரு கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து, பள்ளத்தில் இறங்கி, குழாய்க்குள் விட்டு இழுத்தார். ஆயிலில் ஊறிய பச்சைத் துணி வந்தது. அதை என் முன்னால் தூக்கிப் பிடித்தார். நான் இன்னும் சத்தமாக அழுதேன். "இரு மாப்ள, இன்னும் ஏதோ கீது" என்று மாமா குனிந்து பார்த்துச் சொல்ல, அப்பா மறுபடியும் கம்பியை விட்டார். இந்தத் தடவை நீளமாக ஒன்று வந்தது, இழுக்க இழுக்க வந்தது. கடுகு நிறம், ஓரத்தில் அரக்குக் கரை.

எனக்கு அழுகை நின்றுவிட்டது. அந்தக் கரையை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன். அது என்னுடையது இல்லை.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா வாளியைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், பிறகு புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வண்டியத் தொடைக்கும்போது பாத்தேன், ஓட்ட தெறந்து கெடந்துச்சு. தூசி போவுமேன்னுதான்..." என்று இழுத்தாள். மூன்று வாரமாக இரண்டு ஆண்களையும் "கண்ணு எங்க வெச்சிருக்கீங்க?" என்று வறுத்தெடுத்தவள் அவள்!

பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. இருமல் என்று நினைத்தேன். அப்பா ஒரு கையில் பச்சைத் துணியும் ஒரு கையில் கடுகு நிறப் புடவையுமாக, பலகையில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். நிறுத்தப் பார்ப்பார், கையிலிருப்பதைப் பார்ப்பார், மறுபடியும் கிளம்பிவிடும். மாமா தொடங்கினார், அம்மா தொடங்கினாள். அடுத்த லைனிலிருந்து ஆட்கள் என்ன ஆச்சு என்று ஓடிவந்தார்கள். ஒரு வருடத்துக்கும் மேலாகக் கேட்காத சிரிப்பு அது. எனக்கு மறுபடியும் அழுகை வந்துவிட்டது, அது வேறு அழுகை.

குழாயைச் சுத்தம் செய்து, வாயில் மெல்லிய கம்பிவலை ஒன்றை மாமாவே வெட்டிக் கட்டினார். மூடியைப் போட்டு ஒரு மணி நேரம் ஓடவிட்டோம். பேப்பரில் ஒரு நகக்கண் அளவு மட்டும் விழுந்தது. "அது அவ வயசுக்கு மரியாத" என்றார் மாமா, ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினார்.

சனிக்கிழமை சாயந்திரம் விமலா அக்காவின் பெண்ணழைப்பு. கறுப்பிக்குச் சாமந்தி மாலை, ஜிகினாத் தோரணம். அக்கா பின்ஸீட்டில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அந்தப் புடவை என்ன நிறம், என்ன நகை போட்டிருந்தாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஏனென்றால் நான் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் வண்டிக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பேண்டுக்காரர்கள் முச்சந்திக்கு முச்சந்தி நின்று வாசித்தார்கள், பையன்கள் ஆடினார்கள், வண்டி ஊர்ந்தது, நின்றது, ஊர்ந்தது. என் கண் தார் ரோட்டை விட்டு நகரவில்லை. கூட நடந்த பெண்களில் யாரோ, "இந்தப் பொண்ணு எதைத் தொலைச்சிட்டுத் தேடுது?" என்று கேட்டார்கள்.

மண்டபத்து வாசலில் அப்பா எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, நேராக என்னிடம் வந்தார். குனிந்து பார்க்க அவருக்குப் பயம். "இன்னா பாப்பா?" என்றார்.

"ஒண்ணுமே இல்லப்பா" என்றேன். என் தலையில் கையை வைத்து அழுத்தினார், கழுத்தே உள்ளே போய்விடும் போலிருந்தது. பந்தி முடிவதற்குள் அப்பாவிடம் இரண்டு பேர் வந்து தங்கள் வீட்டுக் கல்யாணத் தேதியைச் சொன்னார்கள். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா இலையிலிருந்து தலையைத் தூக்காமலே, "பெங்களூருக்கு நான் போன் பண்ணி வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிர்றேன் மாப்ள" என்றார்.

இதெல்லாம் நடந்து இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. கறுப்பி பத்துப் பன்னிரண்டு வருடம் ஊரின் பாதிப் பெண்களை மண்டபத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். பிறகு எல்லோருக்கும் ஏசி வைத்த பெரிய வெள்ளை வண்டி வேண்டியிருந்தது. அப்பா அவற்றைப் பழுது பார்க்கிறவராக மாறிக்கொண்டார். மாமா இப்போது இல்லை. லைனில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. ஷிஃப்டுக்கு ஊதுகிற சங்கு எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கதைதான். மேட்டில் புல்லும் செடியும் பிடித்து மணல் பறப்பது வெகுவாகக் குறைந்துவிட்டதால், துணி அடைக்கிற வேலையும் ஒழிந்தது; அதைப் பற்றி மட்டும் எனக்கு வருத்தமே இல்லை.

என் வகுப்பில் படித்தவர்களின் அப்பாக்கள் நிறையப் பேர் அந்த ஓரிரு வருடத்தில் வெளியூர் போனார்கள். அவர்கள் கெட்ட அப்பாக்கள் இல்லை, வேறு வழி இல்லாத அப்பாக்கள். மாதத்துக்கு ஒரு நாள் மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்து, பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். நான் வயதுக்கு வந்தபோது, பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டபோது, முதல் வேலைக்கு நேர்முகத்துக்குப் போனபோது, எல்லாவற்றுக்கும் என் அப்பா கிரீஸ் கையோடு வீட்டிலேயே இருந்தார். அதன் விலை எனக்கு அப்போது தெரியாது, இப்போது தெரிகிறது.

இப்போது பெங்களூர் ரயிலைப் பிடிக்கிறவள் நான். விடிவதற்குள் அப்பா வீட்டிலிருந்து கிளம்பி மாரிகுப்பத்தில் ஏறினால் இருட்டியபிறகுதான் இறங்குவேன். அங்கேயே வீடு பார்த்துக்கொண்டு போய்விடேன் என்று ஆபீஸில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் உள்ளே ஒரு குற்ற உணர்ச்சி அரித்துக்கொண்டுதான் இருந்தது. போன வாரம், செருப்பை மாட்டிக்கொண்டே, அரைத்தூக்கத்தில் எழுந்துவந்து நின்ற என் மகளிடம், "அம்மா தெனமும் இப்படி வுட்டுட்டுப் போறேனே, உனக்குக் கஷ்டமா இல்லையா கண்ணு?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே, "அதான் தாத்தா கீறாரே. நீ போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.